வாசற்படியில் வரைந்த கடல்

அன்புள்ள மீசை மாமாவுக்கு,

செத்துப்போனவருக்குக் கார்டு போடுகிறாள் என்று வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உயிரோடு இருந்தபோது மட்டும் உடனே பதில் போட்டீர்களா என்ன?

ஊரப்பாக்கத்தில் நாங்கள் நலம். உங்கள் பேரை எடுத்தால் அம்மா இன்னும் சமையலறைக்குள் போய்விடுகிறாள்.

படகுக்குப் பேர் எழுதி மிச்சமான பெயின்டில், திருவிடந்தை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எனக்குக் கார்டு வரைந்து அனுப்புவீர்களே, எப்போதும் அதே காட்சிதான். இரண்டு தென்னை, கவிழ்த்துப் போட்ட ஒரு படகு, அப்பால் நிறைய மணல், அதற்கும் அப்பால் நூல் மாதிரி கடல். "வேற எதுவும் வரைய வராதா?" என்று எழுதி, உங்கள் மீசை முகத்தையே தபால்தலையாக வரைந்து ஒட்டி அனுப்பினேன். தபால்காரர் உங்களிடம் அபராதம் வசூலித்துக்கொண்டு போனார். "அஞ்சல்னா பயப்படாதேன்னும் ஒரு அர்த்தம் கீதாம். உன் அஞ்சலப் பாத்தாதான்டி எனக்கு பயம்!" என்று போனில் கத்தினீர்கள்.

நீங்கள் போன பிறகும் என் கை நிற்கவில்லை. உங்கள் பேருக்கே கார்டு வரைந்து போட்டேன். பதிலுக்கு அத்தை வரைய ஆரம்பித்தாள். பிரஷ்ஷே பிடித்திராதவள். அதே படி, அதே பெயின்ட். முதல் கார்டில் கடல் கொஞ்சம் தடித்திருந்தது. அடுத்ததில் படகைக் காணோம். அதற்கடுத்ததில் ஒற்றைத் தென்னை, அதுவும் சாய்ந்து. நான் சும்மா இருப்பேனா? "அத்த, கடல வாசலுக்கே இழுத்துட்டியே, கோலம் போட எடம் வுடு" என்று எழுதினேன்.

போன வாரம் வந்த கார்டு முழுக்க நீலம். அடியில் சிவப்பாக ஒரு கோடு. அது நம் வாசற்படி. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

பட்டப்பகல், மாமா. தெருமுனையிலேயே இரைச்சல் கேட்டது. கால் சுட்டு நான் துள்ளித் துள்ளி ஓடும் அந்த மணல் இல்லை. தென்னையின் வேர் அந்தரத்தில் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவு ஜன்னலையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஓட்டைகள் வழியாகவும் கடல்தான் தெரிந்தது.

அத்தை உங்கள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கோலம் போட எடம் வுடச் சொன்னியே, எங்கடி வுடறது?" என்றாள். "நானா இழுத்துகினு வந்தேன்? அதுவாத்தான் வந்துகினு கீது."

"கெளம்பு அத்த. எங்க வூட்டுக்கு வந்துடு."

"வந்துட்டா? உம் மாமனுக்கு நீ போடுற கார்டு இந்த வூட்டுக்குத்தானே வருது. ஆளில்லன்னா திருப்பி எடுத்துகினு பூடுவாங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் அலை வந்து கீழ்ப்படியை நக்கிவிட்டுப் போனது. அத்தை குனிந்துகூடப் பார்க்கவில்லை. காலை மட்டும் ஒரு படி மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். எத்தனை முறை வைத்து வைத்து அந்தக் கால் அப்படிப் பழகியிருக்கும்? இத்தனைக்கும் மழைக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை.

அவளை அங்கே கட்டிப்போட்டிருப்பது நீங்கள் இல்லை மாமா, என் கார்டுகள்.

அதனால் கிளம்பும்போது சொல்லிவிட்டேன்: "இனிமே மாமாவுக்கு வர்ற கார்டு எங்க வூட்டுக்குத்தான் வரும். வேணும்னா வந்து வாங்கிக்கோ." அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கார்டில் உங்கள் பேரை எழுதி, எங்கள் ஊரப்பாக்கம் முகவரியைப் போட்டிருக்கிறேன். படம் அதேதான்: இரண்டு தென்னை, படகு, நிறைய மணல். வந்து சேர இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதற்குள் கடல் எதை எடுக்கும்?

கார்டு வரும் நாளில் அத்தை இங்கே இல்லையென்றால், நானே போய் அந்தப் படியிலிருந்து தூக்கிக்கொண்டாவது வருவேன். இந்த ஒரு தடவை விளையாட்டு இல்லை, மாமா. உங்கள் மீசைமேல் சத்தியம்.

அந்த மீசையைத் தபால்தலை ஆக்கிய
உங்கள் அக்கா மகள்