நீ திருத்திய குண்டு அட்டவணை

ஜொய்ஸ்டிக்கின் இறப்பர் பிடி இளகிப்போய்க் கையில் ஒட்டுகிறது. வென்ட்வேர்த்வில் வீட்டைக் காலி செய்யும்போது அலுமாரிக்கு அடியில் கிடந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் பிசுபிசுப்புப் போகவில்லை. உனக்கு எழுத வேண்டியதை இவ்வளவு காலம் தள்ளிப்போட்டவனுக்கு இது வேண்டும்தான்.

சனிக்கிழமைகளில் வெஸ்ட்மீட்டில் வேலை முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வருவாய். இந்த ஜொய்ஸ்டிக்கால் என் கணினி விளையாட்டில் பழைய போர் விமானங்களை ஓட்டுவோம். எந்தத் துப்பாக்கி இறக்கையைச் சீக்கிரம் முறிக்கிறது, எந்த ரொக்கெட் டாங்கியைத் துளைக்கிறது என்று சுட்டுப் பார்த்து அட்டவணை போடுவது என் பைத்தியம். நான் சுடுவேன், நீ குறித்துக்கொள்வாய். வந்தவுடன் ஒலிபெருக்கியை மட்டும் நிறுத்திவிடுவாய். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று செய்கிறாய் என நினைத்தேன். ஊரில் குண்டு விழத் தொடங்குமுன்னரே இந்த நாட்டுக்கு வந்துவிட்டவன் நான். நீ அந்தக் குண்டுகளுக்குள் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவன்.

குண்டுகளின் முறை வந்தது. விளையாட்டில் இருந்த ஒரு கிராமத்தின் மேல் சிறிதும் பெரிதுமாகப் போட்டு, எத்தனை வீடு விழுகிறது என்று எண்ணினேன். குண்டு பட்ட வீடு மட்டுமே விழுந்தது. அட்டவணையை உன்னிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தாய்.

"இது பிழை மச்சான். பக்கத்து வீட்டுச் சுவரும் விழும். நாலாவது வீடு வரைக்கும் ஓடு பறக்கும். பங்கர் குழிக்குள்ளை இருந்தாலும் வாசல் பக்கம் இருக்கிறவன் தப்பமாட்டான்."

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை நினைத்தால் கூசுகிறது. எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று துருவித் துருவிக் கேட்டேன். கேட்பவன் நண்பன் என்பதால் நீயும் சொன்னாய். அத்தனையையும் அந்த விளையாட்டை ஆடுபவர்கள் கூடும் இணையத்தளத்தில் போட்டேன். அங்கே ஒருவன் அதை வைத்து விளையாட்டின் குண்டுகளைத் திருத்தி, எல்லோரும் தங்கள் கணினியில் இறக்கிக்கொள்ளும்படி விட்டான்.

நீ அடுத்த முறை வந்தபோது, இருந்து பார் என்று சொல்லி, ஒலியை முழுதாக விட்டு ஒரு குண்டு போட்டுக் காட்டினேன். வரிசையாகச் சுவர்கள் சரிந்தன, ஓடுகள் பறந்தன. நீ சொன்னது அச்சொட்டாக வேலை செய்கிறது என்று பெருமையோடு திரும்பினேன். கதிரையில் நீ இல்லை. நிலத்தில் குப்புறக் கிடந்தாய், இரண்டு கையாலும் காதைப் பொத்தியபடி.

பிறகு எழும்பிச் சேர்ட்டைத் தட்டிக்கொண்டாய்.

"வாசல் பக்கம் இருந்தது என்ரை தம்பி," என்றாய். "போயிட்டு வாறன்."

நீ பிறகு வரவேயில்லை. எனக்கென்ன தெரியும், முன்பே சொல்லியிருக்கலாமே என்று வீம்புக்கு நானும் உன்னைத் தேடவில்லை. இரண்டு வருஷம் அப்படியே போனது. மாரடைப்பு என்று யாரோ தொலைபேசியில் சொல்ல, மன்னிப்புக் கேட்காத வாயோடு உன் செத்தவீட்டில் வந்து நின்றேன்.

போன மாதம், குண்டுகளைத் திருத்திய அந்த இணையத்தளக்காரனுக்கு எழுதினேன், அவற்றை எடுத்துவிடு என்று. நிறையப் பேருக்குப் பிடித்திருக்கிறது, தக்க காரணம் சொன்னால் எடுக்கிறேன் என்று பதில் போட்டான். காரணத்தை எழுதத் தொடங்கினேன். உன் தம்பி என்ற சொல் வரைக்கும் வந்து, அழித்துவிட்டேன். உன்னிடமிருந்து எடுத்து ஊர் உலகத்துக்குக் கொடுத்தது ஒருமுறை போதும்.

அந்தக் குண்டுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. உன் தம்பியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. என்னோடுதான் வைத்திருக்கிறேன்.