மதினி கேட்கும் முதல் கேள்வி

மதினி,

நேற்று உங்கள் மேசை இழுப்பறையில் இருந்த, போர்டு துடைக்கிற ஐபிஏ ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். மூடியைத் திருகியதும் அந்த வாசம் குப்பென்று வந்தது. ஊசி போடும் முன் பஞ்சில் தொட்டுக் கையில் தடவுவார்களே, அதே வாசம். மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு வில்லாபுரத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. அடுப்பில் கறிக்குழம்பு, சாப்பாட்டு மேசையில் யாருடைய லேப்டாப்போ வயிறு திறந்து கிடக்கும். இரண்டு வாசமும் சேர்ந்ததுதான் எனக்கு உங்கள் வீடு.

எந்த வீட்டிலாவது சாப்பாட்டு மேசையை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு, கட்டிய புருஷனை அடுப்படியில் நின்றபடி சாப்பிடச் சொல்வார்களா? நீங்கள் சொன்னீர்கள். அண்ணனும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். அவர் எதற்குத்தான் மறுபேச்சுப் பேசினார்? கூட்டுறவுச் சங்கத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவர், அங்கேயும் தலையாட்டியே ஓய்வு பெற்றிருப்பார் என்று நீங்கள்தான் கேலி செய்வீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்த கை உங்களுடையது. மகள் ரம்யா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வீட்டிலேயே தெருவுக்கெல்லாம் போன் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தீர்கள். நான் திருநகரிலிருந்து ஞாயிறுதோறும் கறிக்குழம்புக்கு வந்தேன். வந்தவன் சும்மா இராமல் ஸ்குரூடிரைவரை எடுத்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது நமக்குள் சண்டை.

எனக்கு எதையும் உடனே திறந்து பார்த்துவிட வேண்டும். உங்களுக்கு அது ஆகவே ஆகாது. “கொழுந்தனாரே, மொதல்ல அந்தக் கத்தியக் கீழ வைங்க” என்பீர்கள். ஸ்குரூடிரைவருக்கு நீங்கள் வைத்த பேர் அது. அப்புறம் போன் கொண்டுவந்தவர் பக்கம் திரும்பி, ஏதோ ஊர்க்கதை பேசுகிற மாதிரி கேட்பீர்கள்: “கடைசியா இத வச்சு என்ன செஞ்சீங்க?”

எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான். “ஒண்ணுமே செய்யலக்கா. சும்மா வச்சிருந்தேன், அதுவாப் போயிருச்சு.”

நீங்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வருவீர்கள். அவர் பாதி குடித்ததும் அதே கேள்வியை இன்னொரு தரம், இன்னும் மெதுவாக. அப்போதுதான் உண்மை வரும். மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்கிற ஒருவர் வந்தாரே, சார்ஜ் ஏறவில்லை என்று. நான் பேட்டரி மாற்ற வேண்டும் என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு, போனைப் பூப்பைக்குள் போட்டு வைப்பது வழக்கம் என்றார். நீங்கள் போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் குச்சியால் சார்ஜ் ஓட்டைக்குள்ளிருந்து வாழைநாரும் காய்ந்த பூவிதழுமாக மெல்லக் கிளறி எடுத்தீர்கள். எடுத்ததை என் உள்ளங்கையில் வைத்து, “இந்தாங்க, உங்க பேட்டரி” என்றீர்கள். அந்தப் பூக்காரர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தண்ணீரில் விழுந்த போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்துக் கொண்டுவருகிறவர்களிடம் மட்டும் உங்களுக்குக் கோபம் வரும். “அரிசிய ஒலையில போடுங்க, போன எங்கிட்டக் குடுங்க” என்பீர்கள்.

திறந்தே ஆகவேண்டிய லேப்டாப் என்றால் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, பேனாவால் புள்ளி வைப்பீர்கள். மார்கழியில் வாசலில் வைக்கிற அதே சுத்தமான புள்ளிகள். எந்த மூலையில் கழற்றிய ஸ்குரூவோ, அது அந்த மூலைப் புள்ளியில் உட்காரும். நெட்டையும் குட்டையுமாக இருக்கிற ஸ்குரூக்களை இடம் மாற்றிப் போட்டால் உள்ளே போர்டையே குத்திவிடும் என்று எனக்கு விளங்க வைத்தது அந்தக் கோலம்தான். நான் தும்மி ஒருநாள் கோலம் முழுவதும் கலைந்தது. அன்றைக்கு எனக்குக் குழம்பில் வெறும் உருளைக்கிழங்கு விழுந்தது.

பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

அண்ணன் தன்னுடைய போனை ஓரம் வைத்துவிட்டு உங்கள் போனை எடுத்துக்கொண்டார். இன்னும் யாராவது ரிப்பேருக்கு என்று அந்த எண்ணுக்குக் கூப்பிடுவார்கள். “அவ இல்லைங்க” என்று இவர் சொல்ல வேண்டும். எதற்கு இந்த வேதனை என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை ரம்யா ஓசூரிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

“சித்தப்பா, அப்பா எங்கிட்டப் பேசவே மாட்டேங்குறாரு. போன எடுக்குறாரு, எடுத்துட்டுச் சும்மா இருக்காரு. ரெண்டு வாரமா இப்படித்தான். நானும் அப்பா அப்பான்னு கத்திட்டு, அழுதுட்டு வச்சுர்றேன். வீடியோவுல கூப்பிட்டா எடுக்கவே மாட்டாரு. அங்க தனியா இருந்தா அவரு நமக்கு இல்ல சித்தப்பா. ஞாயித்துக்கெழம வாரேன். வீட்டப் பூட்டிட்டு எங்கூடக் கூட்டிட்டுப் போறேன்.”

எனக்குப் பயமாகிவிட்டது. அந்த வீட்டை விட்டு அவரைப் பெயர்த்தெடுத்தால் என்ன மிஞ்சும்? அவளைத் தப்புச் சொல்லவும் முடியாது. அம்மாவை இழந்த பிள்ளை, அப்பாவையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். நேற்று மத்தியானமே வில்லாபுரம் வந்துவிட்டேன். அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். “வாடா, சாப்பிட்டியா” என்றார். அவர் கணக்குக்கு அது நீளமான பேச்சு. ரம்யாவிடம் ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன்.

“நான் பேசுறேன்டா. அவதான் அழுகுறா. பதிலே சொல்ல மாட்டேங்குறா.”

எனக்குச் சுருக்கென்றது. வாசலுக்குப் போய் என் போனிலிருந்து உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். அண்ணன் எடுத்தார். உதடு அசைவது ஜன்னல் வழியாகத் தெரிகிறது, என் காதில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வாரமாக ஊரே கூப்பிட்டு ‘ஹலோ ஹலோ’ என்றுவிட்டு வைத்திருக்கிறது. அவர் அதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “எழவு வீட்டுக்குப் போன் போட்டா யாருக்குடா பேச வரும்” என்றார்.

மைக் போய்விட்டது, அது உட்கார்ந்திருக்கிற அடி போர்டை மாற்ற வேண்டும் என்று மறுபடியும் தீர்ப்பு எழுதினேன். மேசையில் தாளை விரித்தேன். புள்ளி வைத்தேன், உங்கள் அளவுக்கு நேராக வரவில்லை. ஸ்குரூடிரைவரை எடுத்தபோது என் கை தானாக நின்றது, மதினி. சத்தியமாகச் சொல்கிறேன், ‘கொழுந்தனாரே’ என்று கேட்டது.

“அண்ணே, கடைசியா இத வச்சு என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலயே.”

எழுந்து போய்க் காபி போட்டேன். சர்க்கரை டப்பாவைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். அவர் பாதி குடிக்கட்டும் என்று காத்திருந்து இன்னொரு தரம் கேட்டேன். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“திட்டக் கூடாது.”

“திட்டல, சொல்லுங்க.”

“இந்த வருசம் நமக்குப் பண்டிக கெடையாதுன்னு எனக்கும் தெரியும்டா. ஆயுத பூசையன்னைக்கு எல்லா வீட்லயும் மணி அடிக்கிறாக. அவ சாமானெல்லாம் இந்த மேசையில அப்படியே கெடக்கு. நமக்குத்தான் தீட்டு, அதுக என்ன பாவம் பண்ணுச்சு? கதவச் சாத்திட்டு எல்லாத்துக்கும் சந்தனம் வச்சேன். போனுக்குக் கொஞ்சம் கூடவே வச்சேன்.”

போனைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் பெரிய பொட்டு. கீழ் விளிம்பிலும் ஒரு பொட்டு. அதை அவர் துடைத்திருக்கிறார், ஆனால் மைக் துளைக்குள் போனது உள்ளேயே காய்ந்து கல்லாக இருந்தது.

நீங்கள் வருஷா வருஷம் சந்தனம் வைத்தவர்தானே. ஆனால் முதலில் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டி, அதன் மேல்தான் பொட்டு வைப்பீர்கள். மறுநாள் டேப்பை உரித்தால் சாமான் பளிச்சென்று இருக்கும். இதைச் சொன்னதும் அண்ணன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அம்புட்டு வருசமும் சந்தனத்தப் பாத்தேன், டேப்பப் பாக்கலயேடா.”

அப்போதுதான் பாட்டிலைத் திறந்தேன். பழைய பல் பிரஷ்ஷில் ஒரு சொட்டு தொட்டு, துளைக்குள் குத்தாமல், மேலாகத் தேய்த்தேன். ஊறவிட்டேன், மறுபடி தேய்த்தேன். சந்தனம் மெல்லக் கரைந்து வந்தது. உங்கள் வாசத்தோடு சந்தன வாசமும் கலந்து வர, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காய்ந்ததும் ரம்யாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

“பாப்பா, சாப்பிட்டியா?” என்றார்.

அந்தப் பக்கம் அவள் அழுத அழுகை எனக்கே கேட்டது. “ஏம்ப்பா பேசல, இத்தன நாளா ஏம்ப்பா பேசல?”

“நான் தெனமும் பேசிக்கிட்டுதான் பாப்பா இருந்தேன்.”

“என்னப்பா பேசுனீங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் அழுகிறாள், பதில் சொல்லத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டு, இந்த ரெண்டு வாரமும் தன் வாழ்நாளில் பேசாததையெல்லாம் பேசியிருக்கிறார் மனிதர். உங்களைப் பெண் பார்க்க வந்த கதை, அடுப்படியில் நின்று சாப்பிட்ட ருசி, கடைசி நாள் நீங்கள் கேட்ட வெந்நீர். ஒரு சொல்கூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

“மொதல்ல இருந்து சொல்லுங்கப்பா” என்றாள்.

போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். இறங்கிவர வெகுநேரம் ஆனது.

இன்று காலையில் ரம்யா வந்துவிட்டாள். வீட்டைப் பூட்டும் பேச்சை எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை தானே வருவதாகச் சொல்லிவிட்டு, உங்கள் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகச் சந்தனம் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருஷம் டேப் ஒட்டுவது என் பொறுப்பு, பொட்டு வைப்பது அண்ணன் பொறுப்பு என்று உத்தரவும் ஆகிவிட்டது. நேற்று நான் புள்ளி வைத்த தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. அதில் ஒரு ஸ்குரூகூட உட்காரவில்லை. இனி எதைத் திறப்பதற்கு முன்னாலும் அதை ஒருமுறை தொட்டுக்கொள்வேன்.

சற்று முன் அண்ணன் உங்கள் படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இவகிட்டயும் தெனமும் பேசிக்கிட்டுதான்டா இருக்கேன். அங்கிட்டு கேக்குமாடா?”

இதற்கு எங்கே பிரஷ் போட்டுத் தேய்ப்பது, மதினி? நீங்கள் செய்கிற மாதிரியே எழுந்து போய் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, உங்கள் மேசையில் ரம்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இதை எழுத ஆரம்பித்தேன்.