விழத் தெரியாத பிள்ளை

இஞ்சாருங்கோ,

எனக்கு இப்படித்தான் தொடங்க வருகிறது. கடிதம் என்றால் 'அன்புள்ள' என்று போட்டுப் பெயர் எழுத வேண்டுமாம். கட்டின நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத எனக்கு இனிமேலா அந்தப் பழக்கம் வரப்போகிறது? மூன்றாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு அடிக்கிற மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உங்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்களோடு எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதை எழுதக் கை வரவில்லை.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளை உங்கள் கிளப் எடுத்துவிட்டது. ஓம், அதே கிளப்தான். வென்றால் எங்கள் ஊர் பென்டில் ஹில் முழுக்கக் கேட்கக் கத்தி, தோற்றால் குழம்பில் உப்பில்லை என்று என்னோடு கொழுவுவீர்களே, அந்தக் கிளப்பின் பெண்கள் அணி.

யூடித் ஃபுட்டி என்கிற இந்த ஆஸ்திரேலியக் கால்பந்தை விளையாடுவாள் என்பதே உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இருக்கும்வரை அவள் வலைப்பந்துப் பிள்ளை. சனிக்கிழமைகளில் அவளைத் திடலுக்கு ஏற்றி இறக்கியது நீங்கள்தான். நீங்கள் போன பிறகு ஒரு நாள், உங்கள் கிளப் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, முட்டை மாதிரி இருக்கிற அந்தப் பந்தோடு வாசலில் வந்து நின்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பேரும் அழுவோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

டிராஃப்ட் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மலரை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை கிளப்புகள் எல்லாம் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களின் பெயர்களைக் கூப்பிட்டு எடுக்கும். முதலில் கூப்பிடப்படுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். கடைசியில் கூப்பிடப்படுகிறவர்கள் சட்டியில் மிஞ்சியது.

அன்றைக்கு நானும் அவளும் மடிக்கணினியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு கட்டத்தில் அவள் 'இட்ஸ் ஓகே' என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போய்விட்டாள். மூடிவிடுவோம் என்று நான் கையை நீட்டிய நேரம், பெயர் வாசிக்கிற பெண் தட்டுத்தடுமாறி 'அருல்டாஸ்' என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் உங்கள் முறை வரும்போது அப்படித்தானே கூப்பிடுவார்கள்? பிள்ளையின் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் வரும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனாலும் எழுந்துதான் நின்றேன். யூடித் குசினியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தபோதுதான் விஷயம் எனக்கு விளங்கியது.

இனி, கோபத்துக்கு வருகிறேன்.

பஸ் ஓட்டிக் களைத்து வந்து, முகம் தெரியாத ஆட்களோடு சண்டை பிடிப்பீர்களே, அந்த ரசிகர் தளம் இன்னும் இருக்கிறது. கடைசி பஸ் ஓட்டுகிறவன் என்பதால் அங்கே 'லாஸ்ட் பஸ்' என்று பெயர் வைத்திருந்தீர்கள். உங்கள் ஃபோன் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த நாள் அதைத் திறந்து பார்த்தேன். யூடித்தைப் பற்றித் தனியாக ஒரு விவாதம் தொடங்கியிருந்தார்கள். ஆளாளுக்கு 'ஸ்பெக் பிக்' என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஸ்பெக் ஒன்றே ஒன்றுதான். ஒருத்தர் இன்னொருத்தர் முதுகில் ஏறி ஆகாயத்தில் பந்தைப் பிடித்தால் 'ஸ்பெக்கி, ஸ்பெக்கி' என்று கதிரையை உடைப்பீர்களே, அது. எங்கள் பிள்ளையை அப்படிப் புகழ்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் குசினியில் என்னோடு சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற பெண்கள் எல்லோருக்கும் சொன்னேன். கேசரி வேறு கிண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பின்னேரம் யூடித்திடம் பெருமையாகக் காட்டினேன். வாசித்தாள். அது ஸ்பெக்கி இல்லை, ஸ்பெக்குலேடிவ் என்றாள். அதென்ன என்று கேட்டேன். தமிழில் ஒரு சொல் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"சும்மா எடுத்துப் பாப்பம் எண்டு எடுக்கிறது, அம்மா. சரிவந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். அப்பிடி."

கேசரி சாப்பிட்டவர்களின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்பதுதான் எனக்கு முதலில் வந்த யோசனை. என் புத்தியைப் பாருங்கள்.

பிறகு ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசித்தேன். எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். கடைசித் தேர்வுதானே, என்ன இழக்கப்போகிறோம், பிள்ளை வேகமாக ஓடுகிறாள், ஒரு வருஷம் பார்க்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். மெல்பேர்னில் உயரமான பிள்ளை ஒன்று கூப்பிடப்படாமல் இருக்க இவளை எதற்கு எடுத்தார்கள் என்று இன்னொருவர். மேற்கு சிட்னியில் விளம்பரத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று வேறொருவர். அவருடைய பெயரை நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒருவர் வந்து, இதையெல்லாம் லாஸ்ட் பஸ் எப்போதோ சொல்லிவிட்டார் என்று எழுதி, உங்கள் பழைய பதிவை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். 'வலைப்பந்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கத் தெரியும், விழத் தெரியாது. அதைப் பதினாறு வயதுக்குப் பிறகு யாராலும் பழக்க முடியாது. இப்படிப்பட்ட தேர்வைக் குப்பையில் போடலாம்.'

அது நீங்கள்தான், சந்தேகமே இல்லை. அந்தக் 'குப்பை' உங்கள் வாயில் வருகிற சொல். முன்பு கிளப் வலைப்பந்திலிருந்து ஒரு பிள்ளையை எடுத்து ஒரே பருவத்தில் அனுப்பிவிட்டதே, அவளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அதைத் தட்டிக்கொண்டிருந்த நேரம் பக்கத்து அறையில் உங்கள் மகள் வலைப்பந்துச் சட்டையோடு இருந்திருப்பாள்.

உங்கள் வசனத்துக்கு இப்போதும் லைக் விழுகிறது. அந்த ஆளை இப்போது காணவில்லையே என்று ஒருவர் கேட்க, சிட்னியின் மற்றக் கிளப்புக்கு மாறியிருப்பார் என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் எந்தப் பக்கம் போவதென்றே தெரியவில்லை. உங்கள் சவப்பெட்டிக்குள் அந்தக் கிளப் தொப்பியை வைத்து அனுப்பியவள் நான். நீங்களா மாறுவீர்கள்?

யூடித்தும் அதை வாசித்துவிட்டாள். சின்ன வயதில் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று நீங்கள் எழுதுவதை வாசித்துச் சிரித்த பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்குமா? அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

"அப்பா இருந்திருந்தா என்னை எடுத்திருப்பாரோ?"

"ஓம் பிள்ளை. கட்டாயம் எடுத்திருப்பார்," என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல், குழம்பு விட்டுக்கொண்டே சொன்னேன். அவள் சாப்பிட்டு முடித்தாள்.

அதற்குப் பிறகு அவளுடைய முழங்கைகளில் காயம். இடுப்பில் நீலம். கேட்டால் பயிற்சி என்றாள். கிளப்பின் பயிற்சி இன்னும் தொடங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை வேலை முடித்து ரயிலால் இறங்கி வரும்போது பூங்காவில் அவளைக் கண்டேன். தனியாக நின்றாள். பந்தை மேலே எறிந்தாள். பிடித்தாள். பிடித்த கையோடு தன்னைத்தானே நிலத்தில் போட்டாள். எழும்பி மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பவும் எறிந்தாள். மழை இல்லாமல் நிலம் கட்டாந்தரையாகக் கிடந்தது. அவள் விழுகிற சத்தம் வேலிக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று, அந்தப் பிள்ளைக்கு ஏதும் பிரச்சினையா என்று என்னைக் கேட்டார். இல்லை, விழப் பழகுகிறாள் என்று சொன்னேன்.

நான் உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் நின்று ஏசினேன். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், அதனால் திரும்பவும் இங்கே எழுதுகிறேன். யாரோ ஒரு பிள்ளை என்றுதானே அப்படி எழுதினீர்கள்? அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள்தானே? அவளும் ஃபோனைத் தடவித் தடவி வாசித்திருப்பாள். லாஸ்ட் பஸ் என்கிறவன் யார், அவனுக்குப் பிள்ளை குட்டி இல்லையா என்று கேட்டிருப்பாள். நான் அந்த நேரம் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் வெட்டியிருப்பேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். யூடித்துக்கு விழத் தெரியாமல் போனது யாரால்? சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க ஓடினீர்களே, ஒருமுறையாவது அவளை விழ விட்டீர்களா?

கொலின் அந்தக் கிழமை ஃபோன் எடுத்தார். உங்களோடு பஸ் ஓட்டி, இந்த விளையாட்டை உங்களுக்குத் தொற்றவைத்த அதே மெல்பேர்ன்காரர். அவரும் அந்தத் தளத்தில் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். லாஸ்ட் பஸ் இறந்துவிட்டான், இது அவனுடைய மகள் என்று ஒரு வரி போட்டால் எல்லோரும் வாயை மூடிவிடுவார்கள், போடட்டுமா என்று கேட்டார். போடட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. யூடித் ஃபோனை வாங்கி, வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாவம் பார்த்து அவர்கள் லைக் போடுவதைவிட ஏசுவது பரவாயில்லையாம். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் அறைக்குப் போனதும் நான் ஃபோனைக் குசினிக்குக் கொண்டுபோய்க் கொலினிடம் கேட்டேன். உண்மையைச் சொல்லுங்கள், அவர் இவளை எடுத்திருப்பாரா? இல்லை என்றார். யாருக்காகவும் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லையே அவன் என்றார். அது எனக்கும் முன்பே தெரியும். இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலிலும் ஒரு விவாதம் நடந்தது. பொம்பிளைப் பிள்ளைக்கு முழங்கால் போனால் என்ன செய்வது என்று ஒரு அன்ரி கேட்டார். யூனிவர்சிற்றி இடத்தை ஒரு வருஷம் தள்ளிவைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒரு அங்கிள் தலையில் கை வைத்தார். யூடித் எல்லோருக்கும் சிரித்துக்கொண்டு வந்து காரில் ஏறினாள். பரமட்டாவைத் தாண்டியதும் காரை ஓட்டிக்கொண்டே சொன்னேன்.

"நான் அண்டைக்குப் பொய் சொன்னனான், பிள்ளை. அப்பா எடுத்திருக்க மாட்டார்."

"தெரியும், அம்மா," என்றாள். "நீங்கள் ஓம் எண்டு சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது."

எதற்குப் பயம் என்று கேட்டேன்.

"அப்பா சொன்னதெண்டா அது பிழையெண்டு நான் விளையாடிக் காட்டலாம். நீங்கள் அவருக்காக ஓம் சொல்லிவிட்டா, நான் ஆரோட விளையாடுறது?"

விளக்குப் பச்சையானதைக் கவனிக்காமல் நின்றதற்குப் பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

இப்போது கிளப் பயிற்சி தொடங்கிவிட்டது. ஒரு வருஷ ஒப்பந்தம். அதற்குள் அவள் தன்னைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மற்றப் பிள்ளையைப் போல அனுப்பிவிடுவார்கள். அவளுடைய காயம் ஆறுவதற்குள் அதே இடத்தில் புதுக் காயம் வருகிறது. நான் மஞ்சள் பூசவா என்று கேட்டால் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற எத்தனையோ விஷயத்தில் நீங்கள் பிழை விட்டிருக்கிறீர்கள், ஆனால் ஆட்டக்காரர் விஷயத்தில் நீங்கள் சொன்னது அநேகமாக நடந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். இத்தனை வருஷத்தில் நீங்கள் சொன்னது பிழையாக வேண்டும் என்று நான் மன்றாடியதில்லை. இப்போது பூசையில் முழங்கால்படியிட்டால் அது ஒன்றைத்தான் கேட்கிறேன். நினைவுத் திருப்பலியிலும் அதையே கேட்பேன், கோபிக்காதீர்கள்.

அவளுடைய ஆட்டம் ஒன்றையும் விடாமல் போவேன். மைதானத்துக்குள் இறக்காமல் வெளியே வாங்கில் இருத்தி வைத்தாலும் போவேன். நீங்கள் சொன்னது பிழை என்று அவள் காட்டுகிற அன்றைக்கே உங்களுக்கு எழுதுவேன், அதையும் பெரிய எழுத்தில் எழுதுவேன். நீங்கள் சொன்னது சரியாகிப் போனால், என்னிடமிருந்து உங்களுக்குக் கடிதம் வராது. அந்தச் செய்தியை என் வாயால் நீங்கள் கேட்கப்போவதில்லை.

இப்படிக்கு,
யூடித்தின் அம்மா