வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கச் சொன்ன காரணம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டு, பிறகு அடித்துவிட்டேன். நேற்று மத்தியானத்துக்குப் பிறகுதான் சௌக்கியம். அதற்கு முன்னால் மூன்று நாள் உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். நேற்று நீ வேலையில் போய் உட்கார்ந்த நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டு, காரணம் சொல்லாமல், தண்ணீர் குடி, நிறுத்தாமல் குடி என்று உன்னை விரட்டினேன். அப்பாவுக்கு மரை கழன்றுவிட்டது என்று நீ மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தாயாம். கழன்றுதான் இருந்தது. போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். இன்று ஆறு மணிக்கு நீ கூப்பிடுவதற்குள் முழுக்கப் படித்துவிடு.

வெள்ளிக்கிழமை உன் குட்டி வாண்டுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும், தொண்டையில் இரண்டு பக்கச் சதையையும் மூக்குக்குப் பின்னால் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள் என்பதும் உனக்குத் தெரியும். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது தொண்டை டாக்டர் உன் அம்மாவிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், குடிக்க வையுங்கள், வலிக்கிறது என்று முழுங்காமல் இருந்தால் தொண்டை காயும், காய்ந்தால் இன்னும் வலிக்கும் என்று. என்னைப் பார்த்து, ரொம்ப அழ விடாதீர்கள், அழுகையில் புண் உரசும், ரத்தம் வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றார். உன் அம்மா குடிப்பதைப் பிடித்துக்கொண்டாள், நான் அழுகையைப் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நாங்கள் செய்த கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல அலாரம் அடித்தது, நீ கூப்பிட்டாய். உன் முகத்தைப் பார்த்ததும் வாண்டு வீறிட்டாளே, நீதான் பார்த்தாயே. போனை வைத்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அவள் எச்சில் என் சட்டையில் இளஞ்சிவப்பாக இருந்தது. கடுகளவுதான். ஆனால் எனக்குக் கை கால் ஓடவில்லை. வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். எச்சிலில் லேசாக நிறம் இருந்தால் பயப்பட வேண்டாம், ரத்தமாகவே வந்தால்தான் ஓடி வர வேண்டும் என்று அவர் நிதானமாகச் சொன்னார். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷமாக டைம் கீப்பராக உட்கார்ந்திருப்பவன் இல்லையா, வழியில் தகராறு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், ட்ரிப்பை ரத்து செய்வது. புண் ஆறும்வரை ஆறு மணி அழைப்பு ரத்து என்று நானே முடிவு செய்தேன். உன் அம்மா, பாவம்ங்க அவ, தினமும் பாக்குற முகமாச்சே என்றாள். நான்தான் கேட்கவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாளும் ஆறு மணிக்கு முன்பே போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, வாண்டு இப்பதாம்மா தூங்கினா என்று உன்னிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நீ, எப்பக் கேட்டாலும் தூங்குறாளேப்பா என்றாய். அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் குடிப்பதை நிறுத்திவிட்டாள். வலி ஒரு பக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். காதைப் பிடித்துக்கொண்டு முனகுவாள், தொண்டை வலி காதுக்கும் போகுமாம். வாயைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக இருந்தது, நாற்றம் வேறு. அதெல்லாம் ஆறுகிற புண்ணுக்கு உள்ளதுதான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பழைய ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு ஒரு அட்டவணை தயாரித்தேன். அரை மணிக்கொரு முறை இரண்டு ஸ்பூன் தண்ணீர், ஆறு மணி நேரத்துக்கொரு முறை வலி மருந்து, கடைசிக் கட்டத்தில் டயப்பர். ஒரு வண்டியும் நேரத்துக்கு வரவில்லை. மருந்து பாதி உள்ளே போனால் பாதி என் சட்டைக்கு வரும், இருக்கிற ஐந்து சட்டையிலும் ஆரஞ்சுக் கறை. ஐஸ் துண்டு கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டு உருகுவதை வேடிக்கை பார்ப்பாள். குளிர்ந்த பால், ஜெல்லி, குச்சி ஐஸ், எதற்கும் உதடு பிரியாது. உன் அம்மா பொம்மைக்குக் கொடுத்துப் பார்த்தாள், எனக்குக் கொடுத்துப் பார்த்தாள், நான் ஒரே நாளில் நாலு குச்சி ஐஸ் தின்று எனக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். கடைசியில் ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டோம். நான் கையைப் பிடிக்க, உன் அம்மா ஊற்ற, அவள் எங்களைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. நானும் உன் அம்மாவும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தோம், பிறகு அதற்கும் சக்தி இல்லை. ஒரே ஒரு நல்லது, அந்தக் குறட்டை போயே போய்விட்டது. முன்பெல்லாம் குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வருமே, அது இல்லை. மத்தியானத்தில் அவள் சத்தமே இல்லாமல் தூங்குவதைப் பார்த்துப் பயந்து, மூக்கருகே விரலை வைத்துப் பார்த்து நானே இரண்டு தடவை எழுப்பிவிட்டேன். திட்டு வாங்கினேன்.

நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து டயப்பர் நனையவில்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போய், தூக்கினால் தோளில் துணி மாதிரிக் கிடந்தாள். பன்னிரண்டு மணிக்கு வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டேன். கொடுத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள், எழுப்பியும் கண் திறக்காமல் துவண்டு போனால் அந்த நிமிஷமே கிளம்புங்கள், நாலு மணிக்குள் சிறுநீர் போகவில்லை என்றாலும் கூட்டி வந்துவிடுங்கள், ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். உன் அம்மா பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள். அந்தச் சின்னக் கையில் திரும்ப ஊசி போட நரம்பு தேடுவார்களே என்று நான் இன்னொரு தடவை சிரிஞ்சை எடுத்தேன். அப்போது வாண்டு தானாக எழுந்து, அவளுடைய மஞ்சள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜைக்குப் போய், நாற்காலியில் ஏறி, அலாரம் கடிகாரத்துக்கு முன்னால் டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்று நாளாக அடிக்கடி இதைச் செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் கொட்டி விளையாடப் பார்க்கிறாள் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் நான் டம்ளரைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். இது விளையாடுற நேரமா என்று ஒரு தடவை அதட்டவும் அதட்டினேன். நேற்று உன் அம்மா பிடுங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குடிக்கிறியாடா கண்ணு என்று கேட்டாள். வாண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, அம்மா இன்னும் குடிக்கல என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் நூல் மாதிரி ஆகிவிட்டது, ஆனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டது.

அந்தக் கடிகாரத்தின் மேல்தானே நாம் போனைச் சாய்த்து வைப்போம். அங்கே நீ டம்ளரைத் தூக்குவாய், இங்கே அவள் தூக்குவாள், நீ ஒரு வாய், அவள் ஒரு வாய். நீ போன இந்த ஐந்து மாதமாக ஒரு நாள் விடாமல் நடக்கிறது, நீ குடிக்காமல் அந்த டம்ளரில் அவள் வாய் வைத்ததே இல்லை. எங்கள் கண் முன்னால்தான் நடந்தது, எங்கள் புத்தியில் ஏறவில்லை. நீ குடித்துவிட்டாயா என்று தெரியாமல் குழந்தை தாகத்தோடு காத்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஒளிந்திருக்கிறேன். உனக்கு அது வேலை நேரம் என்றெல்லாம் யோசிக்கவில்லை, கூப்பிட்டுவிட்டேன். நீ, என்னப்பா ஆச்சு என்றாய், நான் தண்ணீர் குடி என்றேன். நீ சிரித்துக்கொண்டே பாட்டிலைத் தூக்கினாய். அவள் பார்த்தாள். டம்ளரை எடுத்தாள். ஒரு வாய் முழுங்கினாள், வலியில் முகம் கோணியது, அழுதாள். நீ இன்னொரு வாய் குடித்தாய். அவள் அழுதுகொண்டே இன்னொரு வாய் குடித்தாள். நான் போனுக்குப் பின்னால் நின்று இன்னும் இன்னும் என்று உன்னை விரட்டியது அதனால்தான். நீ பாட்டிலைக் காலி செய்தபோது இங்கே டம்ளர் இரண்டு தடவை காலியாகியிருந்தது. மூன்றரை மணிக்கு உன் அம்மா அறையிலிருந்து, ஒண்ணுக்குப் போயிட்டாங்க, டயப்பர் கனக்குதுங்க என்று கத்தினாள், பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கிய மாதிரி. நான் அடுக்கி வைத்த பையைப் பிரித்தேன், பிரிக்கும்போது அழுதேன், உன் அம்மா பார்க்காதது மாதிரி இருந்தாள்.

குழந்தை அழுவாள் என்பதற்காக மட்டும் உன்னை நிறுத்தவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அப்படிக் கிடப்பதைப் பார்த்தால் நீ வேலையை உதறிவிட்டு ஓடிவருவாய், ஆறு மாதம் லீவே கிடையாது என்ற இடத்தில் உன் பேர் கெடும், அவளை அங்கே கூட்டிக்கொள்ள விசா பேப்பர் வருவதும் தள்ளிப் போகும் என்று பயந்தேன். உனக்கும் அவளுக்கும் சேர்த்து நானே முடிவெடுத்தேன். தப்பு என்னுடையது, உன் அம்மா மேல் கோபப்படாதே. இனி வலித்தால் வலிக்கிறது என்று சொல்வேன். வர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வா, வேண்டாம் என்று என் வாயால் சொல்லமாட்டேன். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, லீவு முடிந்து திங்கட்கிழமை டிப்போவுக்குப் போனால் அங்கே போய்த்தான் ஓய்வெடுக்க வேண்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், எண்ணியது நடந்து, குழந்தையோடு ஒரே வீட்டில் சீக்கிரம் சேர்ந்து இருக்க அப்பா அம்மாவின் ஆசிகள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மறக்காமல் ஒன்று. நேற்று ஆறு மணிக்கு நீ ஒரு குட்டிக் காபிக் கோப்பையோடு வந்தாய், இரண்டே மடக்கில் முடித்துக் கீழே வைத்தாய். இவளும் இரண்டே மடக்கோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள், அதற்குமேல் நாங்கள் கெஞ்சியும் நடக்கவில்லை. புண் முழுதாக ஆற இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். அதனால் இன்று வரும்போது உன் வீட்டில் இருப்பதிலேயே பெரிய டம்ளராகப் பார்த்து எடுத்து வா, நிறைய ஊற்றிக்கொள், மெதுவாகக் குடி.

இப்படிக்கு,
இனி படிக்கட்டில் போய் உட்காராத
உன் அப்பா