கேப்டனிடம் ஒரு கேள்வி

12 டிசம்பர் 1996, வியாழன். இரவு.

மூடுபனியில் தரை தெரியாதபோது ஒருவன் பக்கத்தில் இருக்கும் மனிதனை விட்டு இயந்திரத்தை ஏன் நம்புகிறான்? பௌதிகம் சொல்லித்தரும் எனக்கும் விடை தெரியவில்லை.

நாளை எங்கள் கல்லூரி விழாவில் அந்தக் கேப்டன் பேசுகிறார். என் தம்பி ரமேஷ் அவருடைய கோ-பைலட்டாக இருந்தவன். மூடுபனியில் இறங்கிய அன்று ஆட்டோபைலட் ஓடுதளத்தின் சிக்னலைப் பிடிக்கவே இல்லை. விமானத்தை வெறுமனே இறக்கிக்கொண்டிருந்தது. ரமேஷ் அதைச் சொன்னான். கேப்டன் கேட்கவில்லை. ஓடுதளத்துக்கு முன்பே வயலில் மோதினார்கள். யாரும் சாகவில்லை. கோ-பைலட் வாயே திறக்கவில்லை என்று விசாரணையில் சொன்னார் கேப்டன். ரமேஷின் வேலை போயிற்று. இப்போது நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறான்.

"பேடக்கா, வேண்டாம், விட்டுடு. நான் வரல," என்றான் மாலையில்.

நான் விடமாட்டேன். அந்த ஆள் எல்லார் முன்னாலும் கூனிக் குறுக வேண்டும். பணிவாகத்தான் கேட்பேன். பணிவாகக் கேட்டால்தான் மாட்டுவார்.

வெள்ளி.

கேட்டேன். "ஆட்டோபைலட் சரியில்லைன்னு கோ-பைலட் சொன்னா என்ன செய்வீங்க, சார்?"

கேப்டன் சிரித்தார். "ஒருத்தன் சொன்னாம்மா. 'மெஷினுக்கு உன்னைவிட நல்லாத் தெரியும், சும்மா உக்காரு'ன்னேன். அப்புறம் வயல்ல எறங்கினோம்!"

அரங்கமே சிரித்தது. பல மேடைகளில் சொல்லிப் பழகிய கதை போலும். அவர் வாய் தானாக ஓடிற்று.

"அவன் என் தம்பி, சார். வாயே திறக்கலைன்னு விசாரணையில சொன்னீங்களே?"

சிரிப்பு நின்றது. கேப்டன் தண்ணீரைத் தேடினார். நான் திரும்பிப் பார்த்தேன். வரமாட்டேன் என்ற ரமேஷ் கடைசி வரிசையில் எழுந்து நின்று, அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.