சத்தம் நின்ற மோட்டார்

குருபோங்,
14.7.2024

அன்புள்ள ஏஞ்சல் அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் மோட்டார் சைக்கிளைத்தான் ஸ்டார்ட் செய்தேன். பல் விளக்குவதற்கும் முன்பே. நீங்கள் மறுவாழ்வு இல்லத்துக்குப் போன நாளிலிருந்து தினமும் இப்படித்தான். துணியை விலக்கி, கிக்கரை இரண்டு உதை உதைத்து, ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்துவிடுவேன். நடுவில் நன்றாக முறுக்கியும் விடுகிறேன், எஞ்சின் தூங்கிப் போகக் கூடாது என்று. பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன பாட்ரீசியா, புருஷனுக்கு ஜெபம் பண்ணாம மோட்டாருக்குப் பண்றியா?" என்றார். "ரெண்டுக்கும்தான்க்கா" என்றேன்.

முதல் மாதம் கடிதம் கூடாது என்று இல்லத்தை நடத்தும் பிரதர் சொன்னதால் காத்திருந்தேன். அங்கே போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்றபோது கொடுமையாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. போனில் நாம் பேசியதெல்லாம் "எங்க இருக்கீங்க?", "வந்துட்டே இருக்கேன்" என்பது மட்டும்தானே.

குடியை விடுவதற்கு இது மூன்றாவது முயற்சி. போன இரண்டு முறையும் பாதியிலேயே வந்துவிட்டீர்கள். இந்த முறை ஒரு வருடத்தை முழுதாக முடிப்பதாகச் சொல்லிப் போனீர்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். ஒரு வாரமாக ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினில் கடகடவென்று சத்தம் வருகிறது. தகர டின்னில் சங்கிலியைப் போட்டுக் குலுக்குவது போல. சூடானதும் போய்விடுகிறது. நான் எதையும் கெடுத்துவிட்டேனா?

ஏஞ்சல் காலேஜ் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். உங்கள் நாற்காலியில்தான் உட்காருகிறாள்.

கர்த்தர் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
பாட்ரீசியா


பெந்தோங்,
27.7.2024

அன்பு பாட்ரீ,

உன் கடிதத்தில் மோட்டார் பகுதியை மட்டும் இங்கே உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். கோபப்படாதே. ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தினமும் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பதுதான் தப்பு. ஆள் இல்லாத வீட்டில் வண்டி நின்றால் நம் ஆட்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். எண்ணெய் முழுதாகச் சூடாவதற்குள் நிறுத்தினால் உள்ளே ஈரம் கட்டி எண்ணெய் கெட்டுவிடும். குளிர்ந்த எஞ்சினை முறுக்கவே கூடாது. ஒன்று, வாரத்துக்கு ஒரு தடவை ரோட்டில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். இல்லை, தொடாமல் விட வேண்டும்.

அந்தச் சத்தம் டைமிங் செயின். எஞ்சினுக்குள்ளே வால்வுகளை ஆட்டி வைக்கிற சின்னச் சங்கிலி. ஓட ஓட நீளும். அது தொய்ந்து ஆடாமல் பக்கத்திலிருந்து தள்ளிப் பிடிக்கிற சாமானுக்கு டென்ஷனர் என்று பேர். உள்ளே ஸ்பிரிங் இருக்கும். நம் மோட்டார் ஏஞ்சலைவிட மூத்தது. அந்த ஸ்பிரிங்கும் களைத்திருக்கும்.

பயப்படாதே. எண்ணெயை மாற்றிவிடு, எப்போதும் ஊற்றுவதைவிடக் கொஞ்சம் கெட்டியானதாகக் கேள். சத்தம் அடங்கிவிடும். எஞ்சினை யாரும் திறக்க வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ரோட்டில் ஓட்ட யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, உன்னிடமே லைசென்ஸ் இருக்கிறது.

கோழிக்கூண்டு கழுவுவதும் பாத்திரம் தேய்ப்பதும் என் வேலை. கை நடுக்கம் குறைந்திருக்கிறது. என் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

அம்புரோஸ்


குருபோங்,
1.9.2024

அன்புள்ள ஏஞ்சல் அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்தேன். கோடுகள் நேராக இருக்கின்றன. இரண்டு தடவை படித்துவிட்டு, படிக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

கோகுலராஜின் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் மாற்றினேன். கெட்டியான எண்ணெய் என்று கேட்டதும் தலையைச் சொறிந்தான். "அண்ணே சொன்னாரா? சரி லா, அண்ணே சொன்னா ஊத்துறேன். ஆனா ஒரு நாளைக்குத் தொறந்து பார்த்துடணும்க்கா" என்றான். நீங்கள் திறக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். மறுநாள் காலையில் சத்தமே இல்லை. நீங்கள் சொன்னது போலவே அடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் தஞ்சோங் கிளிங் வரை ஓட்டிப் போய், உங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். முதல் வாரம் சாலைச் சந்திப்பு சிக்னல் விளக்கில் மூன்று தடவை எஞ்சின் நின்றது. பின்னால் நின்ற லோரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினான். இன்று ஒரு தடவைகூட நிற்கவில்லை. மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டிய கொடிகளை இன்னும் கழற்றவில்லை, கடலோர ரோடு முழுக்கப் படபடக்கின்றன. கல்யாணத்துக்கு முன்பு என் அப்பாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனவள் நான். பிறகு எப்படி இத்தனை வருடம் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்? நீங்களும் ஓட்டாதே என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நீங்கள் குடித்துவிட்டு ஓட்டிய நாட்களில்கூடப் பின்னால் ஏறி உட்கார்ந்து, உங்கள் சட்டையைப் பிடித்தபடி அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு வந்தேனே தவிர, சாவியைக் கொடுங்கள் என்று கேட்டதில்லை.

குறை சொல்லவில்லை. ஓட்டும்போது இதெல்லாம் மனதில் வருகிறது.

அத்தை மோட்டாரிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "என் மவன் திரும்பி வர்றப்ப இது இருக்குமா, நீயே ஓட்டி முடிச்சிருவியா?" என்றார். பிறகு ஹெல்மெட்டைத் தானே வாங்கி உள்ளே வைத்தார்.

உங்கள்
பாட்ரீசியா


பெந்தோங்,
4.11.2024

அன்பு பாட்ரீ,

இதை எப்படி எழுதுவது என்று பல நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் தெளிந்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை. இப்போது குடி நினைப்பே வருவதில்லை. வயிறு நிறையச் சாப்பிடுகிறேன், படுத்ததும் தூங்குகிறேன். பிரதரே சாட்சி ஜெபத்தில் என்னைத்தான் முதலில் பேசச் சொல்கிறார். அப்புறம் எதற்காக ஜூன் வரைக்கும் இங்கே கோழிக்கூண்டு கழுவிக்கொண்டிருக்க வேண்டும்?

கிறிஸ்மஸுக்கு வீட்டில் இருக்க வேண்டும் போலிருக்கிறது, பாட்ரீ. நீ குடில் கட்டும்போது வைக்கோல் எடுத்துக் கொடுக்க வேண்டும். அம்மாவைப் பூசைக்குக் கூட்டிப் போக வேண்டும். போன கிறிஸ்மஸில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும், ஏஞ்சலுக்கும் தெரியும். அந்த ஞாபகத்தின் மேலே ஒரு நல்ல நாளை வைத்துவிட்டால் போதும்.

வருஷம் முடிவதற்குள் போக வேண்டுமானால் மனைவி கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகலாம் என்று பிரதர் சொன்னார். அவருக்கு இஷ்டமில்லை, ஆனால் தடுக்கவும் மாட்டார். என் அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன், அதற்கான விண்ணப்பப் பாரத்தை உன்னிடம் கொண்டு வருவார்.

நான் வந்ததும் மோட்டாரை முழுதாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

உன்
அம்புரோஸ்


குருபோங்,
24.11.2024

அன்புள்ள ஏஞ்சல் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. மன்னியுங்கள். பாரம் விஷயத்துக்கு இந்தக் கடிதத்திலும் பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

மோட்டாரைத் திறந்துவிட்டோம். உங்களைக் கேட்காமல் செய்தேன் என்று கோபிக்காதீர்கள். மறுபடியும் எண்ணெய் மாற்றப் போயிருந்தேன். வடித்த எண்ணெயைக் கோகுலராஜ் தட்டில் சாய்த்தபோது, அடியில் நகத்துண்டு போல ஏதோ கறுப்பாகக் கிடந்தது. விரலால் எடுத்துப் பார்த்தான். விளையாட்டுப் பேச்செல்லாம் நின்றுவிட்டது.

"அக்கா, இதுக்கு மேல நீங்க ஓட்டாதீங்க."

"சத்தமே இல்லையேப்பா, மூணு மாசமா நல்லாத்தானே ஓடுது?"

"கெட்டி எண்ணெய் ஊத்துனா கேக்காது லா. காதைப் பொத்திக்கிற மாதிரி. உள்ள தேயறது நிக்குமா?"

எஞ்சினின் பக்க மூடியைத் திறந்து காட்டினான். டென்ஷனர் பாதியில் இறுகி நின்றுவிட்டது, சங்கிலியைத் தள்ளவே இல்லை. தொய்ந்த சங்கிலி, அதை வழிநடத்தும் பட்டையை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பட்டையின் துண்டுதான் எண்ணெயில் வந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் சங்கிலி பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சின் அந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டிருக்குமாம். கடலோர ரோட்டில், அந்த லோரிகளுக்கு நடுவில்.

டென்ஷனரை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டேன். தேய்ந்த சங்கிலியில் புதுச் சாமானைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும், சங்கிலி, பட்டை, டென்ஷனர் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றான். சாமான் வரக் காத்திருக்க வேண்டும், அதுவரை மோட்டார் பிரித்தபடியே கிடக்கட்டும் என்றான். சரி என்றேன்.

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் கை எண்ணெய் நாற்றம். கழுவிய பிறகும் போகவில்லை.

உங்கள்
பாட்ரீசியா


பெந்தோங்,
2.12.2024

பாட்ரீ,

கடிதம் கிடைத்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ எவ்வளவு வேகத்தில் ஓட்டினாய்? ஏஞ்சலைப் பின்னால் ஏற்றினாயா? எழுது.

மூன்றையும் மாற்றச் சொன்னது சரி. அவசரப்படுத்தாதே. கோகுலராஜ் நல்ல பையன்.

அண்ணன் பாரம் கொண்டு வந்து கொடுத்தாரா? பையை எடுத்து வைத்திருக்கிறேன். நீ ஒன்றும் எழுதாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அம்புரோஸ்


குருபோங்,
8.12.2024

அன்புள்ள ஏஞ்சல் அப்பாவுக்கு,

ஏஞ்சலை ஒரு தடவைகூட ஏற்றவில்லை. வேகமாகவும் ஓட்டவில்லை. நீங்கள் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

உங்கள் அண்ணனும் அத்தையும் வெள்ளிக்கிழமை வந்திருந்தார்கள். பெரியவர் பாரத்தை மேசையில் விரித்து, பேனாவையும் திறந்து அதன் மேல் வைத்தார். "நல்ல நாள்ல ஆம்பள வீட்ல இல்லாம என்ன கிறிஸ்மஸ்? போடும்மா கையெழுத்த" என்றார். அத்தை என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மொதல்ல சாப்பிடுங்க மாமா" என்றேன். போகும்போது பெரியவர் "யோசிச்சு வையி" என்று சொல்லிவிட்டுப் போனார். யோசித்தேன்.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நன்றாக இருப்பதாகத்தான் உங்களுக்குத் தெரிகிறது. போன இரண்டு தடவையும் அப்படித்தான் தெரிந்தது. எனக்கும்தான். நீங்கள் சிரித்துப் பேசி, தலைவாரி, பூசைக்கு வந்ததும் எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அதற்கு மேல் கேட்கப் பயந்தேன். நீங்கள் இல்லாத வீடு எனக்கும் பிடிக்கவில்லை. காலையில் போர்ட்டிகோவில் காலி இடத்தைப் பார்க்கிறேன், மோட்டாரும் இல்லை, நீங்களும் இல்லை. கையெழுத்துப் போட்டால் இந்த மாதமே அந்த இடம் நிறைந்துவிடும். என் கை அதற்குத்தான் துடிக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோபம் வரும். சில வாரம் எழுதாமலும் இருப்பீர்கள். அதைத் தாங்கிக்கொள்வேன்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் நானும் ஏஞ்சலும் அத்தையைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறோம். பிரதருக்குத் தனியாக எழுதிக் கேட்டுவிட்டேன், நாள் முழுக்க இருக்கலாம் என்றார். அத்தை கேக் கொண்டு வருவார். நீங்கள் கோழிக்கூண்டைக் காட்டுங்கள்.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஜூன் முடிந்து, வருடம் முழுதான பிறகு உங்களைக் கூட்டிப் போக நானே வருவேன். ஏஞ்சலிடம் சொல்லவில்லை. அத்தையிடமும் பெரியவரிடமும் சொல்லவில்லை. நாளை காலை தபால் பெட்டியில் இதைப் போடும் வரை, இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள்
பாட்ரீசியா