மான் வேட்டையின் முதல் நாள்

அக்டோபர் 11

காலையிலேயே என் இறைச்சிக் கடைக்கு இரண்டு மான்கள் வந்துவிட்டன. துப்பாக்கி வேட்டை தொடங்கும் முன்னால் காட்டுக்குப் போகும் வில் வேட்டைக்காரர்கள் கொண்டுவந்தவை. ஒன்றில் அம்பு தவறான இடத்தில் பாய்ந்து குடல் கிழிந்திருந்தது. நாற்றம் தாங்கவில்லை. தோல் உரித்துக்கொண்டிருக்கும்போது டென்னி கடைக்குள் வந்தான். என் தம்பி வந்தாலே இப்போதெல்லாம் கத்தி யார் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்றைக்கும் லைல் ப்ரூயிட் புராணம்தான். அட்டைப்பெட்டி ஆலையில் டென்னிக்கு மேற்பார்வையாளராக இருந்தவர், ஒரு கைகலப்புக்குப் பிறகு இவனை வேலையை விட்டு அனுப்பியவர்.

"அவன் என் ரூம் மச்சுல ஆள் வச்சிருக்கான்க்கா. நான் படுத்தா என் பேரைச் சொல்லிச் சிரிக்கிறானுங்க."

"மச்சுல எலி இருக்கும்டா."

குளிர் அறைக் கதவில் ஒரு குத்து விட்டான். தகரம் உள்வாங்கிவிட்டது. கையில் ரத்தம் சொட்டச் சொட்ட, "எலியா? எலிக்கு என் பேர் தெரியுமா?" என்றான்.

கையைக் கழுவிக் கட்டுப்போட்டு அனுப்பினேன்.

அக்டோபர் 19

டென்னி அப்பாவின் டிவியைச் சுட்டுவிட்டான். பட்டப்பகலில், அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது. வானிலை சொல்லும் பெண் இவனைப் பற்றிப் பேசினாளாம்.

நான் போனபோது அப்பா டிவி மேல் போர்வையைப் போர்த்திவிட்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார். தலைமயிரில் கண்ணாடித் தூள் மின்னியது. "பழசுதானே ஆர்லின். எப்படியும் மாத்த வேண்டியதுதான்" என்றார். எழுபத்தாறு வயது மனிதர். டிவியைத்தான் சொல்கிறாரா, தன்னையா?

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டிலிருந்த துப்பாக்கிகள் அத்தனையையும் டிரக்கில் அள்ளிப்போட்டேன். கூடத்து அலமாரியில் இருந்தவை, டென்னியின் கட்டிலுக்கடியில் இருந்தது, கொட்டகையில் அணிலுக்கென்று வைத்திருந்தது. கடைக்குப் பின்னால் இறைச்சிக்குப் புகைபோடும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் கழுத்தில் இருக்கிறது.

அப்பா வாசல்வரை வந்தார். "ஆம்பளைங்க இருக்கிற வீட்டுல ஒரு துப்பாக்கிகூட இல்லன்னா ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். உசுரோட இருந்தாத்தானே சிரிக்க முடியும்."

அக்டோபர் 20

ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனேன். ஷெரிஃபுக்குக் கீழே போலீஸ்காரனாக இருக்கும் கெர்ரி மாட் இருந்தான். டென்னியோடு பள்ளியில் படித்தவன், நல்ல பையன்தான். கேட்டுவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தான்.

"அவங்க வீட்டுல அவங்க டிவியை அவன் சுட்டிருக்கான். இதுல நான் எதைப் பிடிச்சு உள்ள போட?"

"நாளைக்கே கடைக்குப் போய்ப் புதுசா ஒண்ணு வாங்கிட்டான்னா?"

"வாங்கலாம். தடுக்க நம்ம மாநிலத்துல சட்டம் கிடையாது. சில மாநிலத்துல குடும்பத்து ஆளு நீதிபதிகிட்டச் சொன்னாப் போதும். இங்க ஒண்ணு அவன் யாரையாவது அடிக்கணும், இல்ல கோர்ட்டே அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"யாரையாவது அடிக்கிற வரைக்கும் நான் காத்துட்டிருக்கணுமா?"

அவன் கதவைத் திறந்துவிட்டான். மரியாதையாகத்தான்.

அக்டோபர் 27

அடித்துவிட்டான். என்னைத்தான். கழுத்தைப் பிடித்து இறைச்சி மேசைமேல் சாய்த்து, லைல் எனக்கு என்ன கொடுத்தான் என்று கேட்டான். கண்ணில் என் தம்பி இல்லை. கைக்கு அகப்பட்ட எலும்பை எடுத்து மண்டையில் போட்டேன். உட்கார்ந்து அழுதான். கெர்ரியிடம் போக மனம் வரவில்லை, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

நவம்பர் 1

விட்டுவிட்டார்கள்! டாக்டரிடம் தங்கக்கட்டி மாதிரிப் பேசியிருக்கிறான். தூக்கம் சரியில்லை, வேலை போன கவலை, அக்காவை அடித்ததற்கு வருத்தம். அவனே விரும்பி வந்ததாக எழுதிக்கொண்டார்களாம், அதனால் கோர்ட்டுக்கும் போகாதாம். மாத்திரை கொடுத்து, மனநல மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரியில்.

நாள் குறித்துக் கொடுத்த பெண்ணிடம் கேட்டேன், "பிப்ரவரி வரைக்கும் இவனை என்ன பண்றது?" இந்தப் பக்கத்துக்கே ஒரு மருத்துவர்தானாம். அவளும் பாவம், என்னைப்போல் எத்தனை பேரைப் பார்த்தாளோ.

நவம்பர் 9

மாத்திரை சாப்பிடுகிறான். இன்று வந்து நான் உரிக்க மானின் காலைப் பிடித்துக் கொடுத்தான். ஒருமுறை சிரித்தான்.

நவம்பர் 20

மாத்திரையைக் கழிவறையில் கொட்டியிருக்கிறான். லைலிடம் நேரே போய்ச் சொன்னேன், கொஞ்ச நாள் ஜாக்கிரதையாக இருங்கள் என்று. அவர் சிரிக்கிறார். "டென்னியா? பவுலிங் கூடத்துல அவனுக்குப் பந்து உருட்டக் கத்துக்கொடுத்ததே நான்தானே. கோவம் தணிஞ்சதும் வருவான் பாரு."

துப்பாக்கி இல்லாமல் என்ன செய்துவிடுவான் என்று எனக்கும் ஒரு தைரியம். சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 22

அப்பா கடைக்கே வந்துவிட்டார். துப்பாக்கி வேட்டையின் முதல் நாள் வருகிறதாம். தெரியாதா எனக்கு? இந்த ஊரில் கிறிஸ்துமஸைத் தள்ளிப்போட்டாலும் போடுவார்கள், மான் வேட்டையின் முதல் நாளை மாட்டார்கள்.

"பன்னெண்டு வயசுலேருந்து ஒரு வருஷம் தவறினதில்ல அவன். நீ அவனைப் பைத்தியக்காரன்னு வச்சா அவன் அப்படியே ஆயிடுவான். ஒரு நாள். ஒரே ஒரு நாள் மத்தவன் மாதிரி இருக்கட்டும்."

"முடியாதுப்பா."

"உங்கம்மா இருந்திருந்தா குடுத்திருப்பா."

"அம்மா இருந்திருந்தா டிவியைப் போர்வை போட்டு மூடியிருக்க மாட்டாங்க."

விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன்.

நவம்பர் 26

நன்றி தெரிவிக்கும் திருநாள் விருந்து அப்பா வீட்டில். டென்னி முகம் மழித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வான்கோழியை அவனே வெட்டினான். ஜெபம் சொன்னபோது குரல் தெளிவாக இருந்தது. அப்பா என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலத் தலையாட்டினார். பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 28

எழுத முடியவில்லை. கையெல்லாம் கொழுப்பு நாற்றம். கழுவக் கழுவப் போகமாட்டேன் என்கிறது.

நவம்பர் 30

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இருபத்தெட்டாம் தேதி, வேட்டையின் முதல் நாள், விடியும் முன்னால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் வேட்டைக்காரர்களுக்குக் காலைச் சாப்பாடு. நானும் என் சிநேகிதி பெவ்வும்தான் வருஷா வருஷம் அடுப்பைப் பார்த்துக்கொள்வது. கூடம் முழுக்க ஆரஞ்சுக் கோட்டுகள். காட்டில் ஒருவனை ஒருவன் மான் என்று சுட்டுவிடக் கூடாது என்பதற்காகப் போடுவது. துப்பாக்கிகளெல்லாம் வெளியே டிரக்குகளில். சாப்பாட்டு மேசைக்குத் துப்பாக்கி கொண்டுவருவதில்லை, அது வழக்கம்.

டென்னியும் ஆரஞ்சுக் கோட்டில் வந்தான். டிரக்கிலிருந்து துப்பாக்கியை எடுத்து, குண்டு போட்டு, வாகனங்களுக்கு நடுவே நடந்து வந்திருக்கிறான். அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள். "டேய் டென்னி, இந்த வருஷமாவது கொம்பு வச்சதா அடி!" என்று ஒருத்தன் கத்தினானாம். வேறு எந்த நாளாக இருந்தாலும் தரையில் விழுந்து போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். அன்றைக்கு வெளியே அவன் துப்பாக்கி இல்லாமல் நின்றிருந்தால்தான் ஏன் என்று கேட்டிருப்பார்கள். வாசலில் ஊரின் பழைய வேட்டைக்காரர் கர்ட் யோடர் நின்றிருந்தார். டென்னிக்குக் கை ஒழியவில்லை என்று, வழக்கத்தையும் மறந்து, கதவைத் திறந்து பிடித்தவர் அவர்தான்.

முதல் சத்தத்தில் தட்டு விழுந்தது என்று நினைத்தேன். திரும்பினால் லைல் தட்டின்மேல் கவிழ்ந்திருக்கிறார், முதுகில் கோட்டு கிழிந்து, அப்பத்துக்கு ஊற்றிய பாகும் ரத்தமும் மேசை விளிம்பில் ஒன்றாக வழிகிறது. பெவ் காபிக் கெண்டியோடு டென்னிக்குப் பக்கத்தில். ஓடவில்லை. "டென்னி, கண்ணா" என்றாள். வயிற்றில் சுட்டான். அவள் உட்கார்ந்த மாதிரி விழுந்தாள், கெண்டியைக் கடைசிவரை கீழே விடவில்லை.

அவன் கையிலிருந்தது அம்மாவின் துப்பாக்கி.

அம்மாவின் உடுப்பு அலமாரியில், கோயிலுக்குப் போடும் கோட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. அவள் செத்த பிறகு யாரும் தொடவில்லை. எனக்கு நினைவே இல்லை. அப்பாவுக்கு இருந்தது.

நான் வாணலியைத் தூக்கினேன். பன்றிக்கொழுப்பு புகைந்துகொண்டிருந்தது. அப்படியே அவன் முகத்தில் வீசினேன். தோல் சுருங்குகிற சத்தம் கேட்டது. இறைச்சிக் கடைக்காரி நான், எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். "அக்கா! அக்கா!" என்று அலறினான். சின்ன வயதில் குளவி கொட்டியபோது அலறினானே, அதே குரல். அவன்மேல் விழுந்து துப்பாக்கியை வயிற்றுக்கடியில் அமுக்கிக்கொண்டேன்.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கர்ட் தன் டிரக்குக்கு ஓடித் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கூடத்தில் புகை, கூச்சல், எங்கே பார்த்தாலும் ஆரஞ்சு. நின்றுகொண்டிருந்த ஓர் ஆரஞ்சைச் சுட்டார். அது ஸ்டான். முப்பது வருஷமாகக் கர்ட்டோடு ஒரே மேட்டில் உட்கார்ந்து மானுக்குக் காத்திருந்த ஸ்டான். கழுத்தில் பாய்ந்தது. கர்ட் துப்பாக்கியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பொத்திப் பொத்திப் பார்த்தார். விரலிடுக்கில் பொங்கிக்கொண்டே இருந்தது.

கெர்ரி மாட் வரும்வரை டென்னியின் மேல் கிடந்தேன். அவன் இதயம் என் இதயத்தின்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 4

மூன்று சவ அடக்கம். மூன்றிலும் பின் வரிசையில் நின்றேன். பெவ்வின் மகள் என் கால்மேல் துப்பினாள். துடைத்துக்கொள்ளவில்லை.

அப்பா வீட்டுக்குப் போனேன். போர்வை போர்த்திய டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"அது உங்கம்மாவோடதும்மா. அது யாருக்கும் கெடுதல் பண்ணாதுன்னு… ஒரு நாள் சந்தோஷமா இருக்கட்டும்னுதானே…"

அறைந்தேன். பெற்ற அப்பாவை. பல்செட் தெறித்து விழுந்தது. "கொன்னுட்டியே! நீதான்யா கொன்னே!" என்று கத்தினேன். பிறகு நானே அதைத் தேடி எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் 13

கடைத்தெருவில் இதே பேச்சு. கூடத்துக்குள் எல்லோரிடமும் துப்பாக்கி இருந்திருந்தால் டென்னியை உடனே சாய்த்திருக்கலாம் என்கிறார்கள். ஸ்டானை மறந்துவிட்டார்களா? கர்ட்மேல் வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் தெருவில் வந்தால் தோளில் தட்டிக்கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் கூசிப்போகிறார்.

ஜனவரி 17

சிறை ஆஸ்பத்திரி. டென்னிக்கு ஒரு கண் போய்விட்டது. வாய் ஒருபக்கம் இழுத்திருக்கிறது. என் கைவேலை. இங்கே தினமும் டாக்டர் வருகிறார், தினமும் மாத்திரை, விழுங்கினானா என்று வாயைத் திறந்து பார்க்கிறார்கள். இப்போது!

"சத்தமெல்லாம் நின்னுடுச்சுக்கா" என்றான்.

"நல்லதுடா."

"நல்லதில்ல. நின்னப்புறம்தான் தெரியுது. பெவ் எனக்கு காபி ஊத்தத்தான் வந்தா."

பிப்ரவரி 9

மருத்துவமனையிலிருந்து போன். டென்னியின் முழுப்பெயர் சொல்லி, டென்னிஸ் சாபோல் இன்று மனநல மருத்துவரைப் பார்க்க வரவில்லையாம். வேறு நாள் குறிக்கட்டுமா என்று கேட்டார்கள்.

மார்ச் 22

கடையை மூடும் நேரத்தில் கர்ட் வந்தார். படுக்கை விரிப்பில் ஏதோ சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு. மேசைமேல் வைத்துப் பிரித்தார். அவருடைய துப்பாக்கிகள்.

"வீட்டுல இதையேதான் பாத்துட்டு உக்காந்திருக்கேன் ஆர்லின். வாயில வச்சுப் பாத்தேன். கொஞ்ச நாள் உங்கிட்ட இருக்கட்டும்."

என் கடையைப் பார்த்தால் துப்பாக்கிக் கிடங்கு மாதிரி இருக்கிறதா, இந்த ஜென்மத்தில் அதைத் தொடமாட்டேன் என்று கத்தினேன். அவர் போகவில்லை. புகை அறையைத் திறந்தேன். எங்கள் வீட்டுத் துப்பாக்கிகளைப் போலீஸ் கொண்டுபோனதிலிருந்து அது காலியாகத்தான் கிடந்தது.

ஜூன் 6

இன்று ஒருத்தி தன் கணவனுடையதைக் கொண்டுவந்தாள். போன வாரம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், தன்னுடையதையே. கர்ட் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. யாரும் காரணம் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. கெர்ரி மாட் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பூட்டு மட்டும் நல்லதாகப் போடச் சொன்னான்.

நவம்பர் 26

நாளைக்கு வேட்டையின் முதல் நாள். கர்ட் வந்தார். ஆரஞ்சுக் கோட்டு மாட்டியிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு குடு. எங்க மேட்டுக்குப் போகணும். ஸ்டானும் நானும் உக்கார்ற எடம்."

"மான் அடிக்கவா?"

கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வெறுங்கையோட போங்க. நானும் வரேன்."

"என் துப்பாக்கிடி! என் பொருள்! ஒரு நாள்தானே கேக்கறேன்!"

ஒரு நாள். ஒரே ஒரு நாள்.

"தரமாட்டேன்" என்றேன். சாவிக்காக என் கழுத்தைப் பிடித்தார். நான் கடித்தேன். வாயில் குத்தினார். கீழே விழுந்தேன், பல் ஒன்று ஆடுகிறது, சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். விலாவில் உதைத்தார். என் முகத்துக்கு முன்னால் ரத்தம் தேங்கியது. தரமாட்டேன், தரமாட்டேன் என்று அதிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைக் கதவை எட்டி உதைத்து உடைத்துவிட்டு வெறுங்கையோடு போய்விட்டார்.

நவம்பர் 27

முதல் நாள். மதியத்துக்குள் வாசல்வரை மான்கள் குவிந்துவிட்டன. விலா வலியில் என்னால் ஒன்றைக்கூடத் தூக்க முடியவில்லை. அப்பா கூப்பிடாமலே வந்து கத்தி தீட்ட உட்கார்ந்தார். ஒரு வருஷமாக என்னோடு பேசாதவர்.

பிறகு கர்ட் வந்தார். என் உதட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். பொழுது சாயும்வரை நான் காட்டியதையெல்லாம் தூக்கித் தொங்கவிட்டு உரித்தார். போகும்போது வாசலில் நின்றார்.

"அடுத்த வருஷம் தருவியா?"

"அடுத்த வருஷம் வந்து கேளுங்க" என்றேன்.

சரி என்றார். கதவை நாளைக்கு வந்து சரிசெய்து தருகிறாராம்.